படகாட்கள் பட்டியலின் முதல் வரி

கடலைக் கடந்தவனே மனிதன். மற்றவர்களெல்லாம் கரையில் மிஞ்சிய மக்கள்தொகை.

இந்தப் பேருண்மையை ஓய்வு பெற்ற பத்திரப் பதிவாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை காலை தம் சம்பந்தியிடம் தொலைபேசியில் அறிவித்தார். அறிவித்த சமயத்தில் அவர் துறைமுக அலுவலகத்தின் கழிப்பறை வாசலில், கையில் நாற்பத்தேழாம் எண் டோக்கனோடு நின்றிருந்தார். அந்தக் கட்டடத்தில் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைத்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னண்டு மணிக்குப் பேத்தியைத் தூக்கிட்டு உங்க கரையில வந்து நில்லுங்க சம்பந்தி. சொந்தப் படகுல வர்றேன். தாத்தா எப்படி வர்றார்னு அவளும் பார்த்துக்கட்டும்."

பேத்தி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. எதிர்க்கரை வேறு நாடு; நல்ல வானிலையில் அவருடைய படகில் மூன்று மணி நேரம். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி, திங்கட்கிழமை காலை மகள் குடும்பம் அந்த நாட்டின் உள்ளே, ரயிலில் இரண்டு நாள் தள்ளியிருக்கும் ஊருக்குக் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமையை விட்டால் குழந்தையை அது நடக்கிற வயதில்தான் பார்க்க முடியும் என்பது அவர் மனைவியின் கணக்கு. அதனால்தான் அந்த அம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பைக்குள் தானே பின்னிய இரண்டு சின்ன காலுறைகளோடு, வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கப்பல்ல போயிடலாங்க. தினமும் காலையில போகுது" என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"படகு வெச்சிருக்கிறவன் டிக்கெட் எடுத்தா ஊர் சிரிக்கும்" என்று அவரும் ஒரு வாரமாகச் சொல்லிவிட்டார்.

படகு பதினாறு அடி. வெள்ளை நிறம், பக்கவாட்டில் நீல எழுத்தில் 'கடலரசன்'. பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கியது. இதுவரை கலங்கரை விளக்கம் வரை நான்கு முறை போய் வந்திருக்கிறது. அதில் ஒரு முறை திரும்பி வந்தது வேறொரு படகின் கயிற்றில் கட்டப்பட்டு.

ஆனால் காகித விஷயத்தில் பதிவாளரை யாரும் கட்டி இழுக்க முடியாது. முப்பத்தொரு வருட சேவையில் ஒரு மனு கூட அவர் மேசையிலிருந்து ஒரு தடவையாவது திரும்பிப் போகாமல் முடிந்ததில்லை. எதைக் கொண்டுவந்தாலும் மூன்று நகல் கேட்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'மூணு நகல்' என்று பெயர். அது தமக்குக் கிடைத்த பட்டம் என்றே அவர் நினைத்திருந்தார். இன்றைக்கும் அவருடைய கோப்பில் படகின் பதிவுச் சான்று, காப்பீடு, படகோட்டி உரிமம், இரண்டு பேருடைய பாஸ்போர்ட், எல்லாம் மும்மூன்றாக, பொருளடக்கத்தோடு இருந்தன.

முதல் ஜன்னலில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை மேசையெல்லாம் தேடும் எழுத்தர் ஒருவர் இருந்தார். கோப்பை வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒரு தரம் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு சார். சுங்கத்துல ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க. மாடியில."

மாடியில் சுங்க அதிகாரி கோப்பைப் பிரிக்கவே இல்லை.

"படகு நம்ம நாட்டுக்குள்ள எப்போ வந்துச்சு?"

"வரல. இங்கேயே செஞ்சது."

"வராத படகு எப்படி சார் போகும்?"

கேள்வி தவறு என்று பதிவாளருக்குத் தோன்றியது. ஆனால் தாமே முப்பத்தொரு வருடம் கேட்ட கேள்விகளின் சாயல் அதில் இருந்ததால் மரியாதையும் வந்தது.

"நான் இங்கேதான் பொறந்தேன். நானும் எங்கிருந்தும் வரல. ஆனா போகலாமில்ல?"

"உங்களுக்குப் பிறப்புச் சான்று இருக்கு சார். படகுக்கு இருக்கா?"

இருந்தது. படகு கட்டியவர் கொடுத்த கடிதம், மூன்று நகல். பதிவாளர் அதை நீட்டியபோது முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்த்து அதிகாரிக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. முத்திரையை எடுத்தார், குத்தப் போனார், நிறுத்தினார்.

"படகாட்கள் பட்டியல் எங்கே?"

"அது என்ன?"

"படகுல யார் யார் போறாங்கன்னு. குடியேற்றப் பிரிவுல தருவாங்க. கீழே, பின்பக்கம்."

பின்பக்கம் போனார்கள். அங்கே இருந்த இளம்பெண் அதிகாரி சிரித்துப் பேசினாள். அதுவே பதிவாளருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"மேடம் பயணியா, படகாளா சார்?"

"என் மனைவி."

"அந்தக் கட்டம் இதுல இல்லையே. பயணின்னு போட்டா, பயணி ஏத்துற படகுன்னு ஆயிடும். அதுக்கு வேற உரிமம், வேற காப்பீடு, மிதவைச் சட்டைக்கு வேற சான்று. படகாள்னு போட்டுடுங்க."

"படகாள்னா நான் என்ன வேலை பார்க்கணும்?" என்று மனைவி கேட்டாள்.

"வேலைக்குக் கட்டம் இல்லை மேடம். பேரு மட்டும் போதும்."

"முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான் போகுது" என்றாள் அந்த அம்மாள்.

அதிகாரிப் பெண் சிரித்தாள். தமக்கெதிராக அரசாங்கம் சிரிப்பதைப் பதிவாளரால் தாங்க முடியவில்லை. தாம் எப்பேர்ப்பட்ட பண்பாளர் என்று காட்டிவிட முடிவு செய்தார். பேனாவைத் திறந்து, "பெண்களுக்கு முதலிடம் கொடுக்கிறது எங்க வீட்டு வழக்கம்" என்று உரக்கச் சொல்லி, முதல் வரியில் மனைவி பெயரையும் இரண்டாம் வரியில் தம் பெயரையும் எழுதினார். வீட்டில் அப்படியொரு வழக்கம் இருப்பது மனைவிக்கே செய்தியாக இருந்தது.

அதிகாரி பட்டியலைக் கணினியில் ஏற்றி, முத்திரை குத்திக் கொடுத்தாள். மாடியில் சுங்கம் அதைப் பார்த்து முத்திரை குத்தியது. மறுபடி முதல் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. எழுத்தர் கண்ணாடியை நெற்றியில் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

பட்டியலைப் பார்த்தார். பதிவாளரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"கேப்டன் மேடம், கொஞ்சம் முன்னாடி வாங்க."

பதிவாளர் திரும்பிப் பார்த்தார். பின்னால் மனைவியைத் தவிர யாரும் இல்லை.

"யாரு கேப்டன்?"

"முதல் வரியில இருக்கிறவங்கதானே சார் கேப்டன். அடிக்குறிப்புல இருக்கு பாருங்க."

இருந்தது. எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்ட எழுத்தில் இருந்தது. அடிக்குறிப்பைப் படிக்காமல் ஒரு தாளில் கையெழுத்திட்டதை நினைத்தபோது, பதிவாளருக்குப் படகு கவிழ்ந்தது போலிருந்தது. கடலில் அல்ல, கான்கிரீட் தரையில்.

"படகோட்டி உரிமம் என் பேர்லதான் இருக்கு! இவளுக்கு ஸ்கூட்டர் கூட ஓட்டத் தெரியாது!"

"அப்போ கேப்டனுக்கு உரிமம் இல்லை. அனுமதி தர முடியாது."

"கேப்டனை மாத்துங்க!"

"கேப்டன் மாற்றத்துக்குப் படிவம் இருக்கு சார். ஆனா அது படகு புறப்பட்ட பிறகுதான் செல்லும்."

"புறப்பட அனுமதி குடுங்க, மாத்திக்கிறேன்."

"கேப்டன் சரியில்லாம எப்படி அனுமதி?"

பதிவாளர் இரண்டு வாக்கியத்தையும் மனதுக்குள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தன. எங்கேயோ ஓர் இடுக்கு இருக்க வேண்டும். தமது அலுவலகத்தில் இருந்தது. அதன் வழியாகத் தெரிந்தவர்கள் போவார்கள். இங்கே அவருக்கு யாரையும் தெரியாது.

"பட்டியலையே ரத்து பண்ணி வேற எழுதிக் கொடுத்தா?"

"பண்ணலாம். ரத்துன்னா..."

"ஏழு வேலை நாள்" என்று எழுத்தரோடு சேர்ந்து பதிவாளரும் சொன்னார். பழக்கதோஷம். அந்த மூன்று சொல்லை ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபின் அவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"நான் படகாள். எனக்கு உரிமம் இருக்கு. கேப்டனுக்கு இல்லை. ஆனா நான் கேப்டன் இல்லை" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மூன்றாவது விரலில் விட்டுப்போய், முதலிலிருந்து எண்ணினார்.

மனைவி அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"தம்பி, நான் கேப்டன்னு சொன்னீங்களே. கேப்டன்னா என்னென்ன பண்ணலாம்?"

"படகு விஷயத்துல எந்த முடிவும் நீங்கதான் மேடம் எடுக்கணும். சார்கூட உங்க அனுமதி இல்லாம அதுல ஏற முடியாது."

"அப்படியா?" என்றாள் அந்த அம்மாள். ரொம்ப நாள் கழித்து ஒரு நல்ல செய்தியைக் கேட்ட முகம். "அப்போ நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமைக் கப்பல்ல போறோம். அதுக்கு என்ன காகிதம் வேணும்?"

"பாஸ்போர்ட் மட்டும் போதும் மேடம். டிக்கெட் அங்கேயே குடுப்பாங்க."

"இந்தா பாரு, நான் சம்பந்திகிட்ட..." என்று பதிவாளர் ஆரம்பித்தார். முடிக்க முடியாமல் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடமாக அவர் முன்னால் அப்படி நின்றவர்களைப் போலவே நின்றார். மனைவி அதைப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டாள்.

"அந்தப் படகையும் கொண்டுபோகணுமே தம்பி. இவர் சொந்தப் படகோட வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டார்."

"சொந்தப் படகுல" என்று பதிவாளர் திருத்தினார்.

"சும்மா இருங்க. கேப்டன் பேசிட்டு இருக்கேன்ல."

எழுத்தர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தார்.

"படகு தானாப் போனாத்தான் மேடம் இத்தனை காகிதமும். கப்பல்ல ஏத்திக் கொண்டுபோனா அது சரக்கு. சரக்குக்கு இந்த ஒரு சீட்டுதான். அனுப்புறவர், பெறுபவர், எடை."

"எத்தனை நகல்?" என்று பதிவாளர் ஈனக்குரலில் கேட்டார்.

"நகல் வேண்டாம் சார்."

இதுதான் அன்றைக்கு அவருக்கு விழுந்த பெரிய அடி.

ஞாயிற்றுக்கிழமை காலை பயணிக் கப்பலின் பின்தளத்தில், இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் ஒரு சோபாவுக்கும் நடுவில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கடலரசன் கடலைக் கடந்தது. பதிவாளர் மேல்தளத்தில் அதன்மேல் ஒரு கண் வைத்தபடி நின்றார். மனைவி நன்றாகத் தூங்கினாள்.

எதிர்க்கரையில் சம்பந்தி பத்து மணிக்கே வந்துவிட்டார். வந்து நின்ற கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, சின்னப் படகு ஏதாவது வருகிறதா என்று தொடுவானத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள், கையில் குழந்தை.

மனைவி இறங்கியதும் யாரையும் விசாரிக்காமல் நேராகப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். காலுறை சரியாக இருந்தது. கொஞ்சம் பெரிதுதான், ஆனால் அது வளரும் பிள்ளை.

"அப்பா எங்கம்மா? படகுல தனியா வர்றாரா?" என்று மகள் பதறினாள்.

"படகோடத்தான் வர்றார்" என்றாள் அம்மா.

சம்பந்தி தொலைநோக்கியை இறக்கித் திரும்பியபோது, பாரந்தூக்கி கடலரசனை அந்தரத்தில் தூக்கி, மெல்லக் கீழே இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தது. பதிவாளர் அதன் பக்கத்தில் வந்து நின்று, ஒரு கையைப் படகின் விளிம்பில் போட்டுக்கொண்டார்.

"சொன்னபடி வந்துட்டேன் சம்பந்தி. பன்னண்டுக்கு இன்னும் அரைமணி இருக்கு."

சம்பந்திக்குக் குழப்பமாக இருந்தது. படகு இருக்கிறது, ஆளும் இருக்கிறார், வந்தும் விட்டார்கள். எது இடிக்கிறது என்று உடனே சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். கடலரசன் என்ற பெயருக்குக் கீழே சரக்குப் பிரிவில் ஒட்டிவிட்ட சிவப்புச் சீட்டு ஒன்று இருந்தது. குனிந்து அதைப் படித்தார்.

'நனையாமல் வைக்கவும்' என்று எழுதியிருந்தது.