மேனேஜரின் சுற்று

1

ஒரு நிஜ நாயைப் பார்த்ததிலிருந்துதான் இந்தக் கதை தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்தவெளிச் சிற்பப் பூங்காவில், கருங்கல் குதிரை ஒன்றின் அடியில் கிழட்டு நாயொன்று படுத்துக்கொண்டு எழ மறுத்தது. கயிற்றைப் பிடித்திருந்த ஆணும் பக்கத்தில் நின்ற பெண்ணும் அதை அதட்டவும் இல்லை, தூக்கவும் இல்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "வானம் இருண்டிருந்த அந்தக் காலையில்" — வேண்டாம். யாருக்கோ ஏதோ ஆகப்போகிறது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது: "முதுகோடு முதுகு ஒட்டிய இருவரின் வெண்கலச் சிலையடியில் அவர்கள்" — பிரிந்த தம்பதிக்கு இப்படியொரு சிலையா? நீங்கள் சிரிப்பீர்கள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது தேறும். பிரிந்தபோது வீடு அவளுக்கு, கட்டிலும் பீரோவும் அவனுக்கு என்று ஆயிற்று. நாயைத்தான் பிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் அவளிடம். கைமாற்றும் இடம் பூங்கா வாசல். கயிற்றைக் கொடுத்துவிட்டு அவரவர் வழியில் போயிருக்கலாம். நாய் விட்டால்தானே? ஒவ்வொரு சிலையாக முகர்ந்து, என்னவென்றே யாருக்கும் புரியாத இரும்புக் குவியலில் காலைத் தூக்கி, கல்குதிரையில் முடித்தால்தான் அதற்கு நிம்மதி. ஆய்வுக்கு வந்த அதிகாரியின் தோரணை. அதனால் பெயர் மேனேஜர். அது சுற்றி முடிக்கும்வரை இருவரும் பின்னால் நடந்தாக வேண்டும். அவர்கள் பேசிக்கொள்வது அந்த ஒரு சுற்றில்தான்.*

(*அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். அவள் எக்ஸ்ரே எடுப்பவள். பிரிந்தபின் மரியாதை கூடிப்போய், ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் அழைக்கிறார்கள்.)

3

மேனேஜருக்கு முதுகெலும்பில் கட்டி. இனி குணமாகாது, இருவரும் சம்மதித்தால் ஊசி போட்டு வலியில்லாமல் ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் அழுது முடித்து, சரி என்றாள். அவன்தான் ஒவ்வொரு சந்திப்பிலும் தள்ளிப்போட்டான். எவ்வளவு நன்றாக நடக்கிறது பாருங்கள் என்பான். அவன் கொண்டுவரும் நாட்களில் நாய் நன்றாகத்தான் நடந்தது. அவள் வீட்டிலோ சாக்கிலிருந்து எழ முடியாமல் முனகும். ஊரார் எலும்பையெல்லாம் பார்ப்பவள், தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

(இவனை எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுத எழுத இவன் பக்கமே போய் நிற்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

4

அன்று இரும்புக் குவியலருகே மேனேஜரின் பின்னங்கால்கள் மடிந்தன. அவன் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தான். அவள் அதை வாங்கி உடைத்தாள். உள்ளே வலி மாத்திரை.

"இங்க வர்ற அன்னிக்கு மட்டும் கூடுதலா குடுத்துக் கூட்டிட்டு வர்றீங்களா?"

அவன் நாயைப் பார்த்தபடியே சொன்னான். "இதுவும் போயிட்டா நீ எதுக்கு வரப்போறே?"

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் சொன்ன 'நீ'. அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கோபமும் வந்தது. கோபம்தான் ஜெயித்தது.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். இனிமே வரமாட்டேன்."

மேனேஜர் தன்னை இழுத்துக்கொண்டு கல்குதிரைவரை போய்ப் படுத்தது. சுற்றை முடித்துவிட்டது.

5

முடிவுகள் சில கைவசம் உண்டு. இருவருமாக அதை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் — இல்லை. அவன் மட்டும் தனியாக — அதுவும் இல்லை. அடுத்த வாரம் மேனேஜர் துள்ளிக்கொண்டு வருகிறது. இது உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனால் சுத்தப் பொய்.

எந்த முடிவை எழுத உட்கார்ந்தாலும், இன்னும் ஒரு பத்தி போகட்டும் என்று நாயை எழுப்பி நடக்கவைக்கிறேன். அது போய்விட்டால் இந்த இருவருக்கும் ஒரே பக்கத்தில் நிற்கக் காரணமில்லை. அதிகாரித் தோரணை, அடிக்குறிப்பு, அடித்துவிட்ட தொடக்கங்கள் எல்லாம் பிஸ்கட்டுக்குள் நான் வைத்த மாத்திரைகள். அவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே கயிற்றை உங்களிடம் தருகிறேன். மருத்துவர் இருப்பது பூங்காவுக்கு எதிரில்தான், தெருவைத் தாண்டினால் போதும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதை நடக்கவைக்காதீர்கள். தூக்கிக்கொண்டு போங்கள்.