சாம்பிள்காரர்

ஜெபசெல்வி ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்குத் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த மாமனார் அந்தோணிசாமியின் காதில் அந்தச் சத்தம் விழ வேண்டும் என்பதற்காகக் கை கடுக்கக் கடுக்க ஊற்றினாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் ஒண்ணுக்கு வந்தாலும் வரும் என்று நர்ஸ் கலைவாணி போனில் சொல்லியிருந்தாள். நேற்று ராத்திரியிலிருந்து கிழவருக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக உப்பியிருந்தது.

"ஏங்க, இன்னா நின்னுகினே கீறீங்க? நர்ஸம்மாவுக்கு இன்னொரு தபா போனப் போடுங்க" என்றாள்.

பெலிக்ஸ் வாசலில் நண்டு வலையைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத சிக்கை எடுத்துக்கொண்டிருந்தான். "போட்டாச்சு. திருப்பாலைவனத்துல தடுப்பூசி போட்டுகினு கீறாங்களாம். முடிச்சிட்டு ஒண்ணுக்கு எடுக்கற டியூபோட வர்றேன்னாங்க. மத்தியானம் ஆவுமாம்."

"அதுவரைக்கும் இவுரு தாங்கணுமே."

தாங்க மாட்டார் என்பது மூன்று பேருக்குமே தெரியும். புற்று வயிறெல்லாம் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். சாவுக்குத் தயாராகத்தான் இருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயாயிற்று. ஆனால் சாவதற்கு முன்னால் இப்படி ஒரு வேதனை வந்து குறுக்கே நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

அந்தோணிசாமி தலையைப் புரட்டி மருமகளைப் பார்த்தார். "டியூபு வோணாம்னு அவன்கிட்ட சொல்லும்மா."

"மாமா டியூபு வோணாங்கறாரு" என்றாள் ஜெபசெல்வி, நாலடி தள்ளி நின்ற புருஷனிடம்.

"வலிய யாரு தாங்கறதாம்னு கேளு" என்றான் பெலிக்ஸ்.

அந்த வீட்டில் நாலு வருஷமாகப் பேச்சு இப்படித்தான் நடந்தது. அப்பனும் மகனும் ஒரே கூரையின் கீழே, ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் ஜெபசெல்விதான். உப்பு கூட அவள் வழியாகத்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்.

பக்கத்து வீட்டு வரதன் உள்ளே வந்தான். பெலிக்ஸோடு ஏரியில் ஒரே படகில் போகிறவன், வாய் சும்மா இருக்காது. கிழவரின் வயிற்றை ஒருமுறை பார்த்தான். "காலமெல்லாம் குதிரைங்களுக்கு ஒண்ணுக்கு வரவச்ச மனுசன். அவுருக்கே இப்பிடி நின்னு போச்சே" என்றான். கேலியாக ஆரம்பித்த பேச்சு கேலியாக முடியவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். அந்தோணிசாமி ரேஸ் கோர்ஸில் சாம்பிள்காரராக இருந்தவர். பந்தயம் முடிந்து, ஜெயித்த குதிரையைக் கூட்டம் கைதட்டி அனுப்பியபின், அதை அவருடைய கொட்டடிக்கு ஓட்டி வருவார்கள். யாராவது மருந்து கொடுத்து ஓட வைத்தார்களா என்று சோதிக்க அதன் சிறுநீர் வேண்டும். நீளக் கம்பின் முனையில் கட்டிய கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவர் குதிரையின் விலாப் பக்கம் நிற்பார். உதட்டைக் குவித்துத் தாழ்ந்த குரலில் நீளமாக ஒரு விசில் அடிப்பார். எப்பேர்ப்பட்ட முரட்டுக் குதிரையும் காதை ஆட்டி, பின்னங்காலை அகட்டி, சொன்ன பேச்சைக் கேட்கும். அதை இரண்டு பாட்டிலில் பிரித்து, குதிரைக்காரனைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவன் கண்ணெதிரிலேயே சீல் வைப்பார். ஜாக்கிக்குக் கிடைக்கிற கோப்பை வேறு, தனக்குக் கிடைக்கிற கிண்ணம் வேறு என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அந்த வேலையில் அவருக்கு அத்தனை கர்வம்.

பெலிக்ஸும் அதே இடத்தில் ஒரு டிரெய்னரின் லாயத்தில் குதிரைக்காரனாக இருந்தான். அவன் பார்த்துக்கொண்ட பெண் குதிரைக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர். அவன் பூவு என்று கூப்பிடுவான். வெல்லம் தின்றுவிட்டு அவன் உள்ளங்கையை நக்கித் துடைத்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் லீவில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் அது நடந்தது. பெலிக்ஸ் ஆசைக்கு வரதனோடு ஏரிக்குப் போய் வலை இழுத்தான். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. பழக்கம் விட்டுப்போன கை, கட்டிக்கொண்டு வீங்கியது. ராத்திரி முழுக்க அவன் முனகுவதைப் பார்த்த அப்பன், தன் முழங்கால் வலி மாத்திரையைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் காயத்தில் அப்பிக் கட்டுப் போட்டார். இந்தக் கரையில் கெளுத்தி முள்ளுக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம். விடிந்ததும் ஒரே பஸ்ஸில் இருவரும் வேலைக்குப் போனார்கள். கொட்டடியில் இருந்திருந்தால் அந்தக் கையைப் பார்த்ததுமே அவர் கத்தியிருப்பார். வீட்டில் அவர் வெறும் அப்பன். மருந்து வைத்த கையோடு மகன் எங்கே போகிறான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

அந்த வாரம் பூவு ஜெயித்தது. அப்பனே விசில் அடித்தார், அப்பனே பிடித்தார், அப்பனே சீல் வைத்தார். மகன் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். சோதித்தபோது இரண்டு பாட்டிலிலும் வலி மருந்து இருந்தது.

விசாரணைக்கு முன்னால் டிரெய்னர், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெலிக்ஸிடம் சொல்லியிருந்தார். அவனும் அப்படியே சொன்னான். அப்போதுதான் யாரும் கூப்பிடாமலேயே அந்தோணிசாமி உள்ளே நுழைந்து, மாத்திரையைக் குழைத்தது முதல் கட்டுப் போட்டது வரை ஒன்று விடாமல் சொன்னார். உண்மையைச் சொன்னால் பையனை விட்டுவிடுவார்கள் என்று மனதார நம்பினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அவர் சொன்னதை நம்பவும் செய்தார்கள். ஆனால் எந்தக் காரணத்தாலும் மருந்துக் கையோடு குதிரையைத் தொடக் கூடாது, தொட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், சொல்லாததோடு விசாரணையில் தெரியாது என்று வேறு சொன்னான் என்று பெலிக்ஸின் லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். இனி ரேஸ் கோர்ஸ் வாசலை மிதிக்கக் கூடாது. அந்தோணிசாமியைக் கொட்டடியிலிருந்து எடுத்து, ஓய்வு பெறும் வரை வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள்.

அதையும் பெலிக்ஸ் பொறுத்துக்கொண்டிருப்பான். ஊரிலே ஊசி பெலிக்ஸ் என்று பேர் வைத்தார்கள், அதையும் பொறுத்தான். பொறுக்க முடியாதது அந்தக் கேட்டில் நடந்தது. பூவை வெளியூருக்கு விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஓடினான். கேட்டில் காக்கிச் சட்டையோடு அப்பன்.

"உள்ள வரக்கூடாதுன்னு எழுதிக்கீது. போயிடு" என்றார்.

"நைனா, நான் ஊசி போட்டவனா? நீ சொல்லு."

பின்னால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணிசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெலிக்ஸ் வந்த வழியே திரும்பினான். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் வராமலேயே இந்த மனுஷன் போய்விடப் போகிறார் என்பதுதான் இத்தனை நாளும் பெலிக்ஸை அறுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்து தினமும் கட்டில் பக்கம் போவான், நிற்பான், வலையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான்.

கிழவர் முனகினார். பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற முனகல்.

"மச்சான், நீ அடிச்சிப் பாரேன் அந்த விசில" என்றான் வரதன்.

"போடா. அவுரு இன்னா குதிரையா?"

"குதிரைக்கு எரங்குது. மனுசனுக்கு எரங்காதா? தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் கீற."

ஜெபசெல்வி சொம்பைத் தரையில் வைத்தாள். சும்மா பெலிக்ஸைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடிக் களைத்தவளின் பார்வை அது. பிறகு பிளாஸ்டிக் பேசினை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

வரதன் கட்டிலில் ஏறி, கிழவரைப் பின்னாலிருந்து தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டான். பெலிக்ஸ் லுங்கியை ஒதுக்கி பேசினை வைத்தான். அப்பனின் தொடை அவன் புஜம் அளவுக்கு வற்றியிருந்தது. முகத்தைப் பார்த்தால் விசில் வராது என்று தோன்றியது. சுவரில் மாட்டியிருந்த மாதா காலண்டரைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் குவித்தான். முதல் தடவை காற்றுதான் வந்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து உதட்டைக் கோணலாக்கின.

இரண்டாவது தடவை வந்தது. தாழ்ந்த, நீளமான, அவசரமே இல்லாத அந்தச் சத்தம். அந்தோணிசாமியின் முனகல் நின்றது. மூடிய இமைக்குள் கண்மணி அசைந்தது. பெலிக்ஸ் மூச்சை இழுத்து மறுபடி அடித்தான். கிழவரின் குதிகால்கள் பாயைத் தேய்த்துக்கொண்டு மெல்ல விலகின.

பேசினில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் விட்டு விட்டு, அப்புறம் நிற்காமல். பெலிக்ஸ் விசிலை விடவில்லை. வரதன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். பேசின் கனத்தது.

"ரெண்டு பாட்டிலு" என்றார் அந்தோணிசாமி. கண் திறக்கவில்லை. குரல் மட்டும் கொட்டடிக் குரல். "டாக்டரக் கூப்டு. குதிரைக்காரன் எங்க?"

"தோ, இங்கதான் கீறான்" என்றான் வரதன்.

கிழவர் கண்ணைத் திறந்தார். எதிரே பேசினை ஏந்தியிருந்த கையைத்தான் முதலில் பார்த்தார். விரலால் அந்தக் கையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் உள்ளங்கையில் இருந்த பழைய தழும்பில் நிறுத்தினார்.

"கைய கழுவினியாடா?"

பெலிக்ஸுக்குப் புரியவில்லை.

"பஸ்ஸு வந்துடப் போவுது. நான் மருந்து வச்சிக்கீறேன்டா இதுல. பூவு நக்கும். சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போடா கண்ணு."

கேட்டில் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. ஆனால் இந்த மனுஷன் நாலு வருஷமாக எந்த விடிகாலையில் நின்றுகொண்டிருக்கிறார் என்பது பெலிக்ஸுக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவன் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் இவர் பஸ்ஸுக்குக் கிளம்பிய அந்த வீட்டு வாசலில் நின்று, சொல்ல மறந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இத்தனை நாள் சேர்த்து வைத்த எதையும் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

"கழுவிட்டேன் நைனா" என்றான்.

விசாரணையில் ஒரு பொய் சொல்ல முடியாதவர் அந்தப் பொய்யை அப்படியே நம்பினார். "ஆங்" என்றார். விரலை எடுத்துக்கொண்டார். வரதன் மெதுவாக அவரைத் தலையணையில் சாய்த்தான். வயிறு இளகியிருந்தது. சற்று நேரத்தில் சீரான மூச்சோடு தூங்கத் தொடங்கினார்.

"நர்ஸம்மாகிட்ட டியூபு வோணாம்னு சொல்லிடறேன்" என்று வரதன் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான்.

சமையலறையிலிருந்து வந்த ஜெபசெல்வி பேசினை வாங்கக் கை நீட்டினாள்.

"நீ அவுராண்ட இரு. நானே ஊத்திட்டு வர்றேன்."

அவன் அப்பனோடு பேசியது சமையலறையில் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். பெலிக்ஸ் இரண்டு கையாலும் பேசினைப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் பின்கட்டுக்கு நடந்தான். வேலிக்கு அப்பால் ஏரி வெயிலில் அசையாமல் கிடந்தது. முருங்கை மரத்தடியில் ஊற்றினான். பேசினைத் தேய்த்துக் கழுவிக் கல்லின் மேல் கவிழ்த்தான். பிறகு துவைக்கிற சோப்பை எடுத்துக் கையில் போட்டான். உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று முழங்கை வரை நுரை ஏறும்படி தேய்த்தான்.

உள்ளே ஜெபசெல்வி, "மாமா" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை.

பெலிக்ஸ் குடத்தைப் பார்த்தான். இரண்டு கையும் சோப்பு. நீட்டிய கைகளோடு அப்படியே குந்தியிருந்தான்.

அவள் பின்வாசலுக்கு வந்து நின்றாள். முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். வந்து குடத்தில் சொம்பை முக்கி அவன் கையில் ஊற்றினாள். நுரை போய்விட்டது. அவன் கையை எடுக்கவில்லை. அவள் மறுபடி முக்கி ஊற்றினாள்.