பதிவில் இல்லாத பேச்சு

எங்கள் நீதிபதி யாரையாவது வாங்கு வாங்கென்று வாங்கினால் நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். சாட்சி சொல்வது பதிவாகும், ஐயா திட்டுவது பதிவாகாது. பதினோரு வருஷமாக நானும் நல்ல பிள்ளையாகக் கையை எடுத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன மாதம் ஒரு புருஷன் பெண்டாட்டி வழக்கு. அவர்கள் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்ட காப்பகத்தை நடத்தும் பெண் சாட்சி சொல்ல வந்தாள். அவள் மேல் எந்த வழக்கும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஐயாவுக்கு அன்றைக்கு யார் மேல் என்ன கடுப்போ, "காசு வாங்கிட்டுப் பிள்ளை பாக்குறவ, காசு வாங்கிட்டு சாட்சியும் சொல்லுவா" என்று ஒரு போடு போட்டார். மறுநாள் அது பேப்பரில் அவள் படத்தோடு வந்தது. காப்பகத்தில் பதினான்கு குழந்தைகள் இருந்தார்கள். இப்போது மூன்று பேர்.

இன்று அந்தப் பேச்சை நீக்கச் சொல்லி மனுவோடு வந்து நின்றாள். வக்கீல் வைக்க வழியில்லாமல் தானே எழுதியிருந்தாள்.

ஐயா ஃபைலைப் புரட்டினார். "நான் அப்படிச் சொன்னதா இதுல எங்கம்மா இருக்கு? இல்லாதத எப்படி நீக்குறது?"

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே ஐயா. இவங்ககூட இங்கதான உக்காந்திருந்தாங்க."

என்னைத்தான் காட்டினாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"விளம்பரம் தேடி வந்திருக்கியா? உன்ன மாதிரி ஆளுகிட்ட பிள்ளைய விட்டவங்களச் சொல்லணும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை எடுக்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் டைப் செய்தேன். ஐயா முன்னால் இருந்த திரையிலும் அது ஓடியது.

"என்ன டைப் பண்றீங்க?"

"நீங்க சொன்னதுதான் ஐயா."

"அழிங்க அத!"

"பதிவானத அழிக்க உத்தரவு வேணும் ஐயா. சொல்லுங்க, அதையும் டைப் பண்றேன்."

ஐயா ஃபைலைப் பட்டென்று மூடி ஓரமாகத் தள்ளினார். என் வேலைக்கு இன்றே உலை வைப்பார் என்று தெரியும். வைக்கட்டும்.

அந்தப் பெண் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மேல்கோர்ட்டுல காட்டணும்," என்றாள். "இதுல எனக்கு ஒரு காப்பி வேணும்."