பின் இருக்கை

ரந்தாவ் பாதையில் ஒரு செம்பனைக் குலை ஏற்றிய லோரி எங்கள் மோட்டார் சைக்கிளை இடித்துக் கால்வாயில் தள்ளியது. என் வீட்டுக்காரர் சுகுமாறனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்தான்.

அடிபட்டவரைப் பார்க்க எங்கள் தோட்டத்து ஆட்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஆளுக்கொரு மைலோ டின். உட்கார்ந்ததும் ஒரே கேள்வி: "எப்படி நடந்துச்சு?" மனிதர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதையாவது விட்டுவிட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன். "லோரிக்காரன் ஹாரன் அடிச்சதைச் சொல்லுங்க!" பன்னிரண்டாவது டின்னோடு தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்து வந்த அன்று, இவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று.

அதற்குப் பிறகு ராத்திரியில் தூக்கமில்லை. கதவு அறைந்தால் துள்ளினார். தோளில் கட்டு பிரித்த பின்னும் மோட்டார் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கோழை என்று நினைத்தேன். நினைத்ததை வாயாலும் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

தோளைக் காட்டப் போன கிளினிக்கில் நான் இதைச் சொல்லிப் புலம்ப, தாதி அனுஷியா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது கோழைத்தனம் இல்லலா. ஆபத்து முடிஞ்சிருச்சுன்னு உடம்புக்கு இன்னும் தெரியல. அவரா சொன்னா கேளுங்க, சொல்லச் சொல்லித் தொல்லை பண்ணாதீங்க. மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமா தொட்டுப் பழகட்டும். அப்பவும் குறையலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க."

அன்றிலிருந்து வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி மழையைப் பற்றிப் பேச வைத்தேன். இவர் முதல் வாரம் மோட்டாரைத் துடைத்தார். அடுத்த வாரம் எஞ்சினை முடுக்கி அணைத்தார். பிறகு தோட்டத்து கேட் வரை ஓட்டிப் போய் ரொட்டி வாங்கி வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். "ஏறு குமுதா, லுக்குட் டவுனுக்குப் போய் மீன் வாங்கிட்டு வரலாம்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். கால் எழும்பவில்லை. என் மூச்சே என் காதில் இரைந்தது.

"ஒண்ணுமில்லீங்க, அடுப்பை அணைச்சேனான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"ஏற்கெனவே மூணு தடவை பாத்துட்ட." எஞ்சினை அணைத்தார். "இத்தனை நாளா நீயும் தூங்கல, குமுதா. நான் முழிச்சுத்தானே கிடந்தேன், எனக்குத் தெரியாதா? உனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல."

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அழுதேன். அக்கம்பக்கத்தில் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

மோட்டாரை உள்ளே தள்ளிவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். லுக்குட் வருவதற்குள், அன்றைக்கு நான் பார்த்ததில் பாதியைச் சொல்லி முடித்திருந்தேன். மீதியைத் திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் மீன் வாங்கப் போனோம்.