தேறாத வீடு

அப்பாவின் நகக்கண்களில் ஒட்டியிருந்த இன்சுலேஷன் டேப்பின் பிசின் ஈரத்துணிக்கு மசியவில்லை. எதைத் தொட்டுத் துடைத்தால் போகும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தாள் மகள். கேட்க முடியாது என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஜன்னல் வெயில் அவர் நெஞ்சின் மேல் அலைந்தபடி இருந்தது. மூச்சுதானோ என்று இரண்டு முறை ஏமாந்துபோனாள்.

ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் அவருடைய போன் அடித்தது. யாரோ துக்கம் விசாரிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தாள்.

"எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் வீடுதானேங்க?" ஒரு பெண்குரல்.

"ஆமாங்க. அவர் பொண்ணு பேசறேன்."

"பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கோம். வயரிங் முழுசா மாத்தணும். போன வீட்டுல யாரையோ நம்பி விட்டோம், எம்பொண்ணுக்கு ஷாக் அடிச்சு, பிழைச்சதே பெரிய விஷயம். அதான் இந்தத் தடவை லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ்லயே போய் ஒவ்வொருத்தரோட லைசென்ஸ், பெர்மிட் எல்லாத்தையும் பாத்துட்டுக் கூப்பிடறேன். தப்பா நினைக்காதீங்க."

அப்பா போய்விட்டதைச் சொல்லிவிட வாயெடுத்தாள் மகள். ஆனால் காலையிலிருந்து எல்லாரும் அவரை 'இருந்தார்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குரலுக்கு மட்டும் அவர் இன்னும் இருந்தார்.

"கேளுங்க," என்றாள்.

"லைசென்ஸ் மார்ச் வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கு. இத்தனை வருஷத்துல எடுத்த பெர்மிட் எல்லாமே இன்ஸ்பெக்ஷன்ல பாஸ். ஒண்ணே ஒண்ணு மட்டும் முதல்ல ஃபெயில் ஆகியிருக்கு. அது என்னன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்."

அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே மகளுக்குத் தயக்கமாக இருந்தது. "எந்த வீடுங்க?"

அந்தப் பெண் விலாசத்தைப் படித்தாள். மகள் நின்றுகொண்டிருந்த வீடுதான்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, காலையிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் குனிந்தாள். "அம்மா, நம்ம வீட்டு வயரிங் ஃபெயில் ஆச்சா?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வந்த இன்ஸ்பெக்டர் இவருக்கு வேண்டியவர். சும்மா ஒரு சுத்து சுத்திட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துட்டாரு. இந்த மனுஷன்தான், 'சார், எர்த் எனக்கே திருப்தியா இல்ல, ஃபெயில் போடுங்க'ன்னாரு. மறுபடியும் சுவத்தை உடைச்சு, பதினெட்டு நாள் கரண்ட் இல்லாம குப்பை கொட்டினேன். அத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசலியே நான் அவரோட."

அந்த நாட்கள் மகளுக்கு ஞாபகம் இருந்தன. எட்டு வயது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறைகளெல்லாம் பெரிதாகிப் போயிருந்தன. அப்பா விரல்களை மடக்கிச் சுவரில் மான் ஓட்டினார். அது ஓடி ஓடிக் கூரைக்குள் மறைந்தது. கரண்ட் வந்த அன்று அவள் அழுதாள்.

அம்மா சொன்னதை அப்படியே போனில் சொன்னாள். மறுமுனையில் தாள்களை மடிக்கும் சத்தம் கேட்டது.

"அவரே வந்து செய்யட்டுங்க. எப்ப வருவாரு? எங்களுக்கு அவசரமில்ல, காத்திருக்கோம்."

"வர மாட்டாருங்க. இன்னிக்குக் காலையில இறந்துட்டாரு."

ஒரு மூச்சு கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

மாலைக்குள் கூடம் நிறைந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த அவள் தம்பி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மகளுக்கு எல்லாக் குரல்களும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தன.

தெரியாத பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். கையில் நாலாக மடித்த தாள்கள். அப்பாவின் அருகே சற்று நேரம் நின்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எந்தம்பி வேலை செஞ்சு குடுத்த வீட்டுக்காரங்களாம்மா?"

"இல்லீங்க," என்றாள் அவள். "செய்ய வேண்டிய வீடு."

அத்தை கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.