பக்கிரி அடைத்த பல்

நூலைப் பல்லால் கடிக்காதே என்று மஞ்சக்குப்பத்துப் பல் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். பக்கிரியும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆனால் தேவனாம்பட்டினத்தில் கிழிஞ்ச வலைக்குப் பக்கத்தில் கத்திரிக்கோலோடு உட்காருகிறவன் எவன்? முடிச்சு விழுந்ததும் வாய் தானாகப் போகும். நைலான் நூலைக் கடைவாயில் கொடுத்து ஒரே வெட்டு. அன்றைக்கும் வெட்டினார். நூலும் அறுந்தது. டாக்டரம்மா பல்லுக்குள் தற்காலிகமாக வைத்திருந்த அடைப்பும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி நாக்கில் வந்து விழுந்தது.

வேறொருத்தன் என்றால் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பான். பக்கிரிக்கு அடுத்த வாரம் சிதம்பரத்தில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றப்போகிறார்கள்.

நெஞ்சில் கோளாறு என்று போனவனை வாயைத் திற என்றார்களே, அதிலிருந்தே அவருக்குச் சந்தேகம்தான். பல் டாக்டர் சுவேதா சின்னப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மேல் கடைவாய்ப் பல்லு வேர்ல சீழ் கட்டியிருக்குங்கய்யா" என்றாள்.

"வலியே இல்லியேம்மா. வலிக்காத பல்லுக்கு இன்னாத்துக்கு வைத்தியம்?"

"உள்ள இருக்கற நரம்பு செத்துப் போச்சு. அதான் வலி தெரியல. ஆனா கிருமி உசுரோடதான் இருக்கு. அது ரத்தத்துல கலந்து புது வால்வுல போய் ஒட்டிக்கிச்சின்னா உசுருக்கே ஆபத்து. அதனாலதான் சிதம்பரம் டாக்டருங்க பல்லை முடிச்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"மேப்பல்லைப் புடுங்கினா கண்ணு பூடும். நான் ஒத்துக்க மாட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "கண்ணெல்லாம் போகாதுங்கய்யா. ஆனா ரத்தம் உறையாம இருக்க நீங்க மாத்திரை சாப்புடுறீங்க, புடுங்கினா ரத்தம் நிக்கறது கஷ்டம். நான் புடுங்கல. வேரைச் சுத்தம் பண்ணி மூடிடறேன். ரெண்டு தடவை வந்தா போதும்."

முதல் தடவை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு ஒன்று நடந்தது. மாசக்கணக்காகச் சாயங்காலமானால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காய்ச்சல் வரவில்லை. சோறு இறங்கியது. அது பல் வைத்தியத்தால் என்று பக்கிரி ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரை வேலை செய்யுது என்று சொல்லிக்கொண்டார்.

இப்போது அடைப்பு விழுந்துவிட்டது. போய்ச் சொன்னால் திட்டுவாள். திட்டினால் போகட்டும், ஆபரேஷனைத் தள்ளி வைப்பார்கள். பக்கிரி பயந்தது அதற்குத்தான். சுனாமி வந்து வீடு போனபோது உதவி பண்றோம் என்று எத்தனை பேர் வந்தார்கள், "அப்புறம் கூப்புடுறோம் பெரியவரே" என்று எத்தனை பேர் சொன்னார்கள். ஒருத்தனாவது கூப்பிட்டானா? தள்ளிப் போனது என்றால் போனதுதான். படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிற மனுஷனுக்கு அந்தத் தேதி ஒன்றுதான் பிடிமானம்.

அதனால் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். கடலுக்குப் போகிற போட்டில் விரிசல் விட்டால் இரண்டு பசையைச் சேர்த்துப் பிசைந்து அடைப்பார்களே, அதில் மிளகளவு எடுத்து உருட்டிப் பல் ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கல்லாய் இறுகிக்கொண்டது. இரண்டாம் தடவைக்கு மஞ்சக்குப்பம் போகிறேன் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"முடிஞ்சிதா?" என்றாள் மனைவி ராசம்மாள்.

"முடிஞ்சிது."

சிதம்பரம் ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. அதே பதில். மறுநாள் காலையில் ஆபரேஷன். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது முதுகில் சில்லென்று ஒரு நடுக்கம் ஏறியது. பக்கிரி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நாக்கு அந்தப் பல்லைத் தடவியது. பசையின் ஓரத்தில் கசிந்தது. உப்பும் நாற்றமும் கலந்த ஒரு தண்ணி.

ராசம்மாள் காப்பி டம்ளரை நீட்டினாள். வாங்கும்போது அவர் விரல் அவள் கையில் சுட்டது. உடனே நெற்றியில் கை வைத்தாள்.

"யோவ், நெருப்பா கொதிக்குது."

"ஃபேன் காத்துடீ."

"ஃபேன் காத்துல யாருக்காச்சும் ஒடம்பு சுடுமா? இரு, நர்சைக் கூப்புடறேன்."

பக்கிரி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கூப்புடாத. கூப்புட்டா நாளைக்கு அறுக்க மாட்டானுங்க. தள்ளிடுவானுங்க."

"இன்னா மறைக்கிற? வாயைத் தொற."

"ஒண்ணுமில்ல, போடீ."

"வாயைத் தொறய்யா!" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராசம்மாளுக்குக் கவலையில்லை. "சாவறதா இருந்தா இன்னா செஞ்சேன்னு சொல்லிட்டு சாவு. நான் பாட்டுக்கு நாளைக்கு வெளிய உக்காந்து, ஆபரேஷன் பண்ணிக் கொன்னுட்டாங்கன்னு டாக்டரைத் திட்டிக்கிட்டு இருக்கவா?"

பக்கிரி பிடித்த கையை விடவில்லை. எதிர்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயில் கசிவு நிற்கவில்லை. ஊரில் எவனாவது ஈரத்தைக் காயவைக்காமல், உளுத்ததைச் சுரண்டாமல் விரிசல் மேலே பசையைப் பூசினால், "இதை எடுத்துக்கினு கடலுக்கு வேற போவப் போறியா" என்று கத்துகிற முதல் ஆள் அவர்தான். வெளியே கல் மாதிரிதான் இருக்கும். உள்ளே அழுகல் பரவிக்கொண்டே போகும், அலையில்தான் தெரியும். நாளைக்கு நெஞ்சுக்குள் ஒரு புது வால்வை வைப்பார்கள். இந்தத் தண்ணி ரத்தத்தோடு அங்கே போகும்.

கையை விட்டார்.

"கூப்புடு" என்றார். "பல்லுல போட்டு ஒட்டற பசைய வச்சிருக்கேன்னு சொல்லு."

நர்ஸ் ஜெயராணி முதலில் நம்பவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள். "ஏன் தாத்தா, ஒங்க ஒடம்பு இன்னா ஃபைபர் போட்டா?" அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. நெஞ்சு டாக்டர் வந்தார், சத்தம் போட்டார். "இதோட வால்வு வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். காலையில் பக்கிரிக்குப் பதிலாகப் பக்கத்துக் கட்டில்காரனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வண்டிச் சக்கரம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கேயே பல் பிரிவில் பசையைக் குடைந்து எடுத்தார்கள். அது வந்ததும் வந்த நாற்றத்தில் ராசம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதை வச்சிக்கினுதான் என்கிட்ட மொறைச்சிக்கிட்டு நின்னியா?" வேரைத் திரும்பக் கழுவினார்கள். ஊசி மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ரத்தத்தில் கிருமி எதுவும் தங்கவில்லை என்று ஆனபிறகு, கடைசியில் நிரந்தரமாக அடைத்து மேலே தொப்பி மாதிரி ஓர் உறையும் போட்டார்கள்.

அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "காய்ச்சல் இல்லாம இருக்கணும். அப்புறம் கூப்புடுறோம்."

பக்கிரி ராசம்மாளைப் பார்த்தார். பாத்தியா என்பது போல.

ஊருக்கு வந்தார்கள். காய்ச்சல் வரவில்லை. சாயங்காலம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. நெத்திலிக் குழம்புக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். முகத்தில் இருந்த அந்த மண் நிறம் போயிற்று என்று அண்டை வீட்டுத் தங்கம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் மூச்சு அப்படியேதான் இருந்தது. அதற்குப் பல் வைத்தியம் போதாது, வால்வுதான் வேண்டும். போன் மட்டும் அடிக்கவில்லை. ராசம்மாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். நம்பர் சரியாகக் கொடுத்தாளா என்று பக்கிரி தினமும் சண்டை பிடித்தார்.

ஒரு நாள் வெயிலேறும் நேரம். மடியில் வலை. முடிச்சு விழுந்தது. நூல் வாய்க்குப் போயிற்று. பல்லில் படும் முன்னே அவர் கை நின்றது. எச்சில் பட்ட நூலை வெளியே இழுத்தார். பக்கத்தில் பிளேடைத் தேடினார்.

அடுப்படியில் போன் அடித்தது.

"யாருங்க? சிதம்பரமா? ஆமாங்க, பக்கிரி சம்சாரம்தாங்க பேசறேன்." ராசம்மாள் கத்திப் பேசினாள். "காய்ச்சலா? இல்லீங்க. ஒரு நாள்கூட இல்லீங்க."

பக்கிரி நூலைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் போனைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "யோவ், திங்கக்கிழம வரச் சொல்றாங்க. பல்லு எப்பிடி இருக்குன்னு கேக்கறாங்க. நெசத்தைச் சொல்லு."

பக்கிரி நூலைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தார்.