மருந்துச்சீட்டில் இருபத்தேழு மோட்

மருந்துக்கடைக்காரி ஞாயிறு மதியம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் கணினி முன் உட்கார்ந்துவிட்டாள். வேறு ஊரில் இருக்கும் தங்கையோடு மூன்று வருஷமாக ஆடும் பண்ணை விளையாட்டு, மூன்று வாரமாகப் பொழுது சாயும்போதெல்லாம் பொட்டென்று மூடிக்கொள்கிறது. விளையாட்டுக்குள் சாயும் பொழுதுதான். வாரத்துக்கு ஒரு பகல் என்பது அக்கா தங்கை வழக்கம். அங்கே இருட்டியதும் தாங்கள் கட்டிய தீவு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவரவர் வேலைக்கு எழுந்துவிடுவார்கள்.

"எல்லா மோடையும் தூக்கிடலாம்க்கா," என்றாள் தங்கை போனில்.

மோட் என்பது ரசிகர்கள் எழுதி விளையாட்டோடு ஒட்டவைக்கும் சேர்க்கை. அந்தத் தீவே ஒரு மோட்தான். அதைத் தூக்கினால் இருவரும் கல் கல்லாகக் கட்டிய வீடும் போய்விடும்.

"வாயைக் கழுவுடி. பட்டியலை அனுப்பு."

இருபத்தேழு பெயர்கள். இருவரும் இஷ்டத்துக்குச் சேர்த்தவை. எது எதோடு ஒத்துப்போகும், எது எதோடு மல்லுக்கு நிற்கும் என்பதில் அவளுக்கு எப்போதுமே ஒரு குறுகுறுப்பு. கடையில் மருந்துச்சீட்டைப் பார்ப்பதுபோலவே பேனாவோடு பார்த்தாள். பசுவுக்குப் புள்ளி, கூரைக்கு நீலம், இதெல்லாம் மேல்பூச்சு; உள்ளே போகாது. பதினாறை அடித்தாள். புது மீன், புது விதை வகையறா இருப்பதைத் தொடாமல் புதிதாக வந்து உட்காருபவை. அதில் எட்டு; அவற்றையும் அடித்தாள்.

மிச்சம் மூன்று. தீவு, 'நெடும்பகல்', 'சோம்பல் சூரியன்'. கடைசிப் பெயரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டுத் தீவை மட்டும் ஓடவிட்டாள். சூரியன் சமர்த்தாக இறங்கியது. அப்பாடா, வீடு தப்பியது! அடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். தனித்தனியே இரண்டும் பச்சைப்பிள்ளை, சேர்ந்தால் குடுமிப்பிடி. கோப்பைத் திறந்தால் இரண்டும் கைவைத்திருந்தது ஒரே வரியில், பகலின் நீளத்தில். இரண்டு கம்பெனி, ஒரே மருந்து! எப்போது இருட்டுவது என்று தெரியாமல் விளையாட்டு மயங்கி விழுந்திருக்கிறது.

"ஏண்டி, நெடும்பகல் நீ போட்டதா?"

"இருட்டினதும் நீ ஓடிடுறே. கொஞ்சம் கூட இருப்பியேன்னுதான்," என்றாள் தங்கை. "அப்ப சோம்பல் சூரியன்?"

"நான்தான். அதே காரணம்தான்," என்றாள் அக்கா.

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "இருட்டினா எழுந்துடணும்னு யாருக்கா சொன்னது?"

"நீதானே?"

"நான் நீன்னு நெனச்சேன்!"

மருந்துக்கடைக்காரி இரண்டு பெயரையும் அடித்தாள். அன்று விளையாட்டில் சூரியன் அதன் நேரத்துக்கே இறங்கியது. இருவரும் தீவு வீட்டுக் கதவைச் சாத்தினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.